சுழி வைத்த சட்டி

என் கடை மேசையில் ஒரு மண்சட்டி இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரு வெட்டு இறங்கி, நுனியில் சுருண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் சாமான் கட்டித் தரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போகும்போது, "முதலாளி, சட்டி உடைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் "அப்படியா, கவனிக்கலையே" என்பேன். பதினொரு வருஷமாக இதே பதில்தான். விளக்கம் சொல்லத் தொடங்கினால் வியாபாரம் நடக்காது. இன்றைக்கு மழை. பசறை வண்டியும் வரவில்லை. கடையில் நானும் சட்டியும்தான் இருக்கிறோம். ஆகவே சொல்கிறேன்.

அப்போது சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு மாட்டுவண்டி. சரக்கு மூட்டை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கி வரும்போது தேயிலைக் கொழுந்து வாசமும் மாட்டு வாசமும் அதில் ஏறியிருக்கும். மூட்டையைப் பிரித்ததும் அந்த வாசம் கடை முழுக்கப் பரவும். இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. சரக்கில் கரி வாசம்தான் வருகிறது.

என் அப்பா ராமநாதன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து பதுளைக் கடைவீதியில் துணி, நூல், ஊசி, சில்லறைச் சாமான் என்று கடை போட்டவர். எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் ஒன்றும் நடக்காது. பண்டாரவளை எத்தனை மைல் என்று வண்டிக்காரனிடம் கேட்பார். அவன் பதினெட்டு என்றால், "பதினஞ்சுக்கு வராதா?" என்பார். அம்மா இன்னொரு கரண்டி சோறு வைக்க வந்தால் அதையும் பாதிக்கு இறக்குவார். நான் லிங்கம், அவருடைய ஒரே மகன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நாக்கு மட்டும் அதைவிட மூத்தது.

சண்டைக் காலத்தில் தோட்டத்துத் துரைசானிகள் எல்லாம் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னினார்கள். கம்பளி நூலைக் கொழும்பிலிருந்து தருவித்துக்கொள்வார்கள். கைவசம் தீர்ந்து அவசரமென்றால் மட்டும் எங்கள் கடைக்கு ஆள் அனுப்புவார்கள். "ஒரு சிப்பாய்க்கு எத்தனை காலுடா லிங்கம்? இவங்க பின்னுறதுக்கு மரவட்டைப் பட்டாளமே நடக்கலாம்" என்பார் அப்பா. இருந்தாலும் அந்த நூல் வியாபாரத்தின்மேல் அவருக்கு ஒரு கண்.

பசறை ரோட்டுத் தோட்டமொன்றின் துரைசானி ஒருநாள் தானே குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு காகிதம். அவளுக்குத் தமிழ் தெரியும். தோட்டத்தில் துரைமார் பேசுகிற தமிழ். அதில் உலகத்தில் உள்ள எல்லாமே ஆண்பால்.

"நூல் பந்து ஓடுறான்" என்றாள். "நாய் புடிக்கிறான். நூல் எல்லாம் அழுக்கு ஆயிட்டான்."

"ஐயோ பாவம்" என்றேன், யாருக்கென்று சொல்லாமல்.

காகிதத்தை விரித்தாள். ஒரு சட்டியின் படம். ஓரத்தில் சுருண்ட வெட்டு. நூல்பந்தைச் சட்டிக்குள் போட்டு, நூலை அந்த வெட்டு வழியாக வெளியே எடுத்துக்கொண்டால், பின்னப் பின்னப் பந்து உள்ளேயே உருளும். வெட்டு சுருண்டிருப்பதால் நூல் மேலே தாவி வெளியேறாது. அவளுடைய ஊரில் அம்மாவிடம் அப்படி ஒன்று இருந்ததாம். அதைச் சொல்லும்போது படத்தை விரலால் தடவினாள். புதன்கிழமைதோறும் ஐந்து துரைசானிகள் அவளுடைய பங்களாவுக்குப் பின்ன வருகிறார்கள். ஆக ஆறு சட்டி வேண்டும். பொங்கலுக்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்தால், ஆறு பேரும் இனி நம் கடையில்தான் நூல் வாங்குவார்கள்.

அவள் போனதும் அப்பா படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளையார் சுழி போட்டிருக்காளே" என்றார். "ஆர்டர் குடுக்கத் தெரிஞ்ச பொம்பளை."

பார்த்தேன். வெட்டு அசலாக அப்படித்தான் இருந்தது. கணக்குப் புத்தகத்தின் தலையில் நாங்கள் போடுகிற அதே 'உ'.

பதுளையில் மண்பானை என்றால் வள்ளியம்மைதான். அவள் புருஷன் நல்லையா ஓயா ஆற்றுக் கரையில் குடிசை போட்டுச் சக்கரம் சுற்றுகிறவர். வள்ளியம்மை மண் மிதிப்பாள், சூளை வைப்பாள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எங்கள் கடைக்கு எதிரே பானைகளைப் பரப்பி விற்பாள். பானை வாங்குகிறவர்கள் கையில் எடுத்து முட்டியால் தட்டிப் பார்ப்பார்களே, அவள் அதற்கு இடமே வைக்க மாட்டாள். அவளே தட்டி அவர்கள் காதருகே நீட்டுவாள். கணீரென்று கேட்கும். கணீர் வள்ளியம்மை என்றுதான் பெயர். ஒவ்வொரு பானையின் கழுத்துக்குக் கீழும் நல்லையா பிறை மாதிரி ஒரு நக அடையாளம் வைப்பார். அந்த அடையாளம் இருந்தால் தட்டாமலே வாங்கலாம் என்பது தோட்டங்களில் பேச்சு.

படத்தோடு ஓயாக் கரைக்குப் போனேன். வள்ளியம்மை படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சட்டி செய்யச் சொல்றீங்களா, சட்டியை உடைக்கச் சொல்றீங்களா, சின்ன முதலாளி?"

"செஞ்சுட்டு கொஞ்சமா உடைக்கணும், வள்ளியம்மைக்கா. அவ்வளவுதான்."

"ஓட்டை போட்ட கலயம் எங்க போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். சுடுகாட்டுக்குப் போகும். கொள்ளி வைக்கிறவன் தோளில் ஏற்றித் துளை போட்டு உடைப்பது அதைத்தான். நான் பேச்சை மாற்றினேன்.

"இது துரைசானி மடியில உட்காரப் போற சட்டி."

"எங்க வேணா உட்காரட்டும். வாய் கிழிஞ்ச சட்டியைத் தட்டினா என்ன சத்தம் வரும்? டொக்குங்கும். பொங்கலுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. தோட்டத்துக்காரி ஒருத்தியாவது எஞ்சட்டி டொக்குனு சொல்லிட்டான்னா அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள்ள நாலு மலை ஏறி இறங்கிரும். பொங்கப் பானை ஒண்ணும் போகாது. பொங்கப் பானை போகலேன்னா வருஷம் ஓடாது. அப்புறம் என்ன? விடியுமுன்ன தப்புச் சத்தம் கேட்டு எந்திரிச்சு, தோட்டத்துல பேரு கூப்பிடுற பெரட்டுல போய் நிக்கணும். மூணு வருஷமாச்சு நான் பெரட்டுல நின்னு. மறுபடி நிக்க மாட்டேன்."

நல்லையா சக்கரத்தருகே உட்கார்ந்து இருமினார். அவருக்கு மூச்சிரைப்பு. மலையேற முடியாது என்று தோட்டத்தில் பெயரை வெட்டிவிட்ட பிறகுதான் இருவரும் இங்கே வந்து பரம்பரைத் தொழிலைப் பிடித்தார்கள். திரும்பிப் போவதென்றால் அவள் மட்டும்தான் கொழுந்துக் கூடையோடு போக வேண்டும்.

நியாயமான மனிதன் அங்கேயே எழுந்து வந்திருப்பான். நான் வியாபாரி.

"அக்கா, இது கீறலா? நல்லாப் பாருங்க. பிள்ளையார் சுழி. சுழி போட்ட சட்டியை யாராவது உடைஞ்ச சட்டினு சொல்லுவாங்களா?"

அவள் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு.

"இப்படித்தான் துணி விக்கிறீங்களா? சாயம் போனா மழை மேகம்னு சொல்லுவீங்களா?"

"கேட்டா சொல்லுவேன்."

அன்றைக்கு நடந்த பேரம் காசைப் பற்றி அல்ல. காசைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று நிபந்தனை போட்டாள். சட்டியில் நல்லையாவின் நக அடையாளம் இருக்காது. எந்தச் சூளையில் வெந்தது என்று நான் யாரிடமும் சொல்லக் கூடாது. சந்தைநாளில் அந்தச் சட்டிகள் அவள் பானைகள் பக்கமே வரக் கூடாது. நான் மூன்றையும் இரண்டாக்கப் பார்த்தேன். அவள் நாலாக்கப் போனாள். மூன்றுக்கே ஒத்துக்கொண்டேன்.

ஆறு கேட்டால் ஏழு செய்வது நல்லையாவின் வழக்கம். சூளையில் ஒன்று போனாலும் போகலாம். ஒன்றும் போகவில்லை. ஆனால் ஏழாவது சட்டியை அவர் பொங்கப் பானைகளுக்கு நடுவே செய்திருந்தார். கைப்பழக்கத்தில் நக அடையாளம் தானாக விழுந்துவிட்டது. நான் வாங்கிவரப் போனபோது, வள்ளியம்மை அதை உடைக்கக் கல்லை எடுத்துவிட்டாள்.

"உடைக்காதீங்க. எங்க கடைச் சணலுக்கு வச்சுக்கறேன்" என்றேன்.

சாமான் கட்டுகிற சணல்பந்து எங்கள் மேசையிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை உருண்டு விழும். அப்பா குனிந்து எடுப்பார். குனியும்போதெல்லாம் சணல் செய்தவனின் தாயை விசாரிப்பார். துரைசானிக்கு நாய் எப்படியோ எங்களுக்கு அந்த மேசை.

"நகம் இருக்கு, சின்ன முதலாளி."

"சுவர்ப் பக்கம் திருப்பி வச்சுர்றேன். என் கழுத்து மேல சத்தியம்."

"உங்க கழுத்தை வச்சு நான் என்ன பண்றது?" என்றாள். ஆனாலும் கல்லைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆறு சட்டியும் துரைசானிக்குப் போயின. அவள் ஒன்றைக் கையில் எடுத்து, பந்தைப் போட்டு, நூலை இழுத்தாள். பந்து உள்ளே கடகடவென்று உருண்டது. இன்னொரு தடவை நூலை இழுத்தாள். பிறகு, "அம்மா வீட்டுச் சத்தம் வர்றான்" என்றாள். அன்றைக்கே நூலுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். ஏழாவது சட்டி எங்கள் மேசையில் ஏறியது. நகம் சுவர்ப் பக்கம். அப்பா நாள் முழுக்கச் சணலை இழுத்து இழுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கட்டத் தேவையில்லாத சாமானைக்கூடக் கட்டிக் கொடுத்தார்.

நான் கவனிக்காத ஒன்று உண்டு. சணலை இழுக்க இழுக்கப் பந்து மட்டுமா சுற்றும்? சட்டியும் மயிரிழை மயிரிழையாகத் திரும்பும்.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. எதிரே வள்ளியம்மை பொங்கப் பானைகளை வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாத் தோட்டத்துக்காரிகளும் ராமாமிர்தம் வரக் காத்திருந்தார்கள். ராமாமிர்தம் என்பவள் ஒரு பெரிய கங்காணியின் பெண்சாதி. தோட்டத்துக் குடியிருப்பில் லயத்துக்கு லயம் அவள்தான் பானை வாங்கிக் கொடுப்பாள். அந்த வருஷம் நாற்பத்திரண்டு குடும்பம். அவள் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள்.

முதலில் எங்கள் கடைக்குத்தான் வந்தாள், சேலைக்கு. அப்பா சேலைகளை மடித்துச் சணலை இழுத்தார்.

"அதென்ன முதலாளி, கெழவன் வாய் மாதிரி ஒரு சட்டி?" என்று எடுத்துப் பார்த்தாள். முட்டியால் தட்டினாள்.

டொக்.

பிறகு அவள் விரல் ஓர் இடத்தில் நின்றது. நகப்பிறை ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் அதைப் பார்த்ததும் அவள் பார்த்ததும் ஒரே நேரம்.

"இது வள்ளியம்மை வீட்டு அடையாளம்ல?"

சட்டியோடு ரோட்டைக் கடந்துவிட்டாள். மேசையிலிருந்து சணல் அவள் பின்னால் நீண்டுகொண்டே போனது. அப்பா அறுக்க மனமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏண்டி வள்ளியம்மை" என்றாள் ராமாமிர்தம். "உடைஞ்ச சட்டியைக் கடைக்காரனுக்குத் தள்ளிட்டு, நல்லதை எங்களுக்கு வச்சிருக்கியா? இல்ல, நல்லதை அவனுக்குக் குடுத்துட்டு உடைஞ்சதை எங்களுக்கா?"

சட்டியைத் திரும்பவும் தட்டினாள். டொக். கூட்டம் அதைக் கேட்டது. ஒருத்தி எடுத்த பானையைக் கீழே வைத்தாள். இன்னொருத்தி, "கங்காணியம்மாவே சொல்றாங்க" என்று மெதுவாக நகர்ந்தாள்.

வள்ளியம்மை என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நிற்கிறவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன். துரைசானி, நூல்பந்து, நாய், காலுறை, சீமைச் சண்டை என்று சொன்னேன். எல்லாம் உண்மை. வாழ்க்கையில் நான் கடைவீதியில் கலப்பில்லாமல் உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான். ஒருவரும் நம்பவில்லை.

பக்கத்துக் கடை லத்தீப் நானா வாசலில் நின்று தாடியைத் தடவினார். "லிங்கம், உடஞ்ச சாமானுக்கு இவ்வளவு பெரிய கத நானும் சொன்னதில்லயே. அந்தச் சிப்பாயிக்கிட்ட கையெழுத்து வாங்கினியா?"

கூட்டம் சிரித்தது. அப்போது வள்ளியம்மை எழுந்து வந்து, ராமாமிர்தத்தின் கையிலிருந்து சட்டியை மெல்ல வாங்கினாள்.

"கங்காணியம்மா, உங்க வீட்டுக்காரர் செக்ரோல்ல எங்க பேரெல்லாம் எழுதுவாரே. மொதல்ல என்ன போடுவாரு?"

"பிள்ளையார் சுழி போடுவாரு. வேற என்ன?"

"அது எப்படி இருக்கும்?"

ராமாமிர்தம் காற்றில் விரலால் போட்டுக் காட்டினாள். வள்ளியம்மை சட்டியின் வெட்டை அவளுக்கு நேரே பிடித்தாள். ராமாமிர்தத்தின் விரல் காற்றிலேயே நின்றது.

"சுழி சத்தம் போடுமா, கங்காணியம்மா? சுழிக்குக் கீழ எழுதுற பேருதானே பெரட்டுல கூப்பிட்டா ஆமாங்கும். இது சுழி. பேரு எல்லாம் அந்தா வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணாக் கூப்பிட்டுப் பாருங்க."

ஓயாக் கரையில் நான் சொன்ன அதே பொய். அன்றைக்கு என் வாயில் கூசியது, அவள் வாயில் சாமி வாக்கு மாதிரி நின்றது. நாலு தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை நான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ராமாமிர்தம் சேலையைச் செருகிக்கொண்டு குத்தவைத்தாள். ஒன்று, கணீர். இரண்டு, கணீர். கூட்டமும் சேர்ந்து எண்ணத் தொடங்கியது. பத்து தாண்டியதும் எனக்கு மூச்சு வந்தது. பத்தொன்பதாவது பானையை அவள் தட்டினாள்.

அது டொக்கென்று சொல்லவில்லை. ஆனால் கணீரென்றும் சொல்லவில்லை. நடுவில் ஏதோ ஒன்று. ராமாமிர்தம் தலையைச் சாய்த்தாள். இன்னொரு தரம் தட்டலாமா என்று அவள் யோசிப்பதற்குள், வள்ளியம்மை அந்தப் பானையைப் பறித்து, தலைக்கு மேலே தூக்கி, ரோட்டில் போட்டாள்.

கூட்டம் பின்வாங்கியது. லத்தீப் நானா வாசலிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"இது எம் பேரு இல்ல" என்றாள் வள்ளியம்மை. "அடுத்ததைத் தட்டுங்க."

மற்றவை எல்லாம் பாடின. அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வது? கோயில் மணி ஒரே சுருதி. இது நாற்பது சுருதி. மலைச் சரிவிலிருந்து காற்று இறங்கி வருகிற முற்பகல் வேளையில், கடைவீதி முழுக்க வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பானையைக் கேட்டுக்கொண்டு நின்றது. லத்தீப் நானா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா சணலை விட்டுவிட்டார்.

முடிவில் நாற்பத்தொன்று. ஒன்று குறைந்தது. வள்ளியம்மை தனக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பானையை எடுத்து நீட்டினாள். தட்டினார்கள். எல்லாவற்றையும் விட நன்றாக இருந்தது.

"எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க" என்றாள் ராமாமிர்தம். பிறகு மேசைச் சட்டியைப் பார்த்தாள். "அந்தச் சுழிச் சட்டி ஒண்ணு எனக்கும் வேணுமே."

நான் விலை சொல்ல வாயைத் திறந்தேன். வள்ளியம்மை முந்திக்கொண்டாள்.

"அது இந்தக் கடைக்குன்னு நேர்ந்து வச்சது, கங்காணியம்மா. வித்தா கடைக்கு ஆகாது."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அன்றோடு அந்தச் சட்டி விற்க முடியாத சரக்காகிவிட்டது. எங்கள் கடை வரலாற்றில் அது ஒன்றுதான்.

பொங்கலன்று வெல்லமும் கரும்பும் எடுத்துக்கொண்டு ஓயாக் கரைக்குப் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தை எங்களுக்குப் பழக்கமில்லை. வெல்லம் பழக்கம். வாசலில் மூன்று கல் வைத்து வள்ளியம்மை பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இருந்தது கரி பிடித்த பழைய சோற்றுப் பானை. அதற்கு மஞ்சள் கொத்துக் கட்டியிருந்தாள்.

பதுளை முழுக்கப் புதுப்பானையில் பொங்குகிறது. பானை செய்கிறவள் வீட்டில் பழைய பானை. துணியில் சுற்றி வைத்திருந்தது யாருக்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நல்லையாண்ணே புதுசு ஒண்ணு சுத்தியிருக்கலாமே" என்றேன், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"மண்ணு காயணும்ல" என்றார் நல்லையா. "அஞ்சு நாளும் மழை."

பால் பொங்கி வழிந்தது. வள்ளியம்மை இலையில் முதல் பொங்கலை எனக்கு வைத்தாள். கரிப்பானையின் புகை வாசம் அதில் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டில் எத்தனையோ பொங்கல் தின்றிருக்கிறேன். நெய்யை எவ்வளவு ஊற்றினாலும் அந்த வாசம் வருவதில்லை.

சண்டை முடிந்தது. காலுறை போதுமென்று சொல்லிவிட்டார்கள் போலும், நூல் வியாபாரமும் அதோடு முடிந்தது. துரைசானி ஊருக்குப் போகும்போது எல்லாப் பீங்கானையும் ஏலம் போட்டுவிட்டு, அந்தச் சட்டியை மட்டும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்தாளென்று அவள் வண்டிக்காரன் சொன்னான். அப்பா போய்விட்டார். கடைசி நாட்களில்கூட மருந்தை மூன்று வேளைக்குப் பதில் இரண்டு வேளைக்குக் கேட்டார். லத்தீப் நானா பானை தட்டிய அந்த வருஷமே தன் கடைச் சணலுக்குச் சுழிச் சட்டி கேட்டு, வள்ளியம்மை வீட்டுக்கு மூன்று நடை நடந்தார். "நேர்ந்துக்கணும் நானா. உங்க மார்க்கத்துல அது இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

வள்ளியம்மை பெரட்டுக்குப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. நல்லையாவின் மூச்சு அப்படியேதான் இருக்கிறது, சக்கரமும் அப்படியே சுற்றுகிறது.

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் பானையை எங்கள் கடைக்குத்தான் கொண்டுவருவாள். நான் அப்படியே வாங்கிக்கொள்ளப் பார்ப்பேன். விட மாட்டாள்.

"தட்டிப் பாருங்க, முதலாளி."

தட்டுவேன். கணீரென்று கேட்கும். அதற்குப் பிறகு மேசைச் சட்டியின் பக்கம் திரும்புவாள். வருஷம் முழுக்கச் சணல் இழுத்து அது எந்தப் பக்கமாவது திரும்பியிருக்கும். நகப்பிறை ரோட்டைப் பார்க்கும்படி அவளே சரிசெய்து வைப்பாள். அதையும் ஒரு தட்டுத் தட்டுவாள்.

டொக்.

"இதுல ஒரு மாத்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலை கேட்பாள்.